பக்கத்து மூலையில் நைட்ரஜன்

பிப்ரவரி 10, செவ்வாய்

பதினேழு மறுபடியும் வேலை செய்யவில்லை.

தட்டுக்காரி கீழ்மாடியிலிருந்து ஏறி வந்து, கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "உன் புள்ள வாயே திறக்க மாட்டேங்குதுடி. கொஞ்சிப் பார்த்துட்டேன், மிரட்டியும் பார்த்துட்டேன்."

அவள் உயிர்வேதியியல் பிரிவு. குழித்தட்டுகளோடு குடும்பம் நடத்துகிறவள். நான் செய்து கொடுக்கும் பொருளைக் குழிகளில் சொட்டு சொட்டாக விட்டு, கிருமியின் நொதி அடங்குகிறதா என்று பார்ப்பாள். அடங்கினால் குழி வெள்ளையாகவே இருக்கும். அடங்காவிட்டால் மஞ்சள்.

எல்லாம் மஞ்சள்.

பதினேழு, சீனியர் செய்த பதினேழாவது சேர்மம். ஆறு வருடம் முன்பு, இதே மேஜையில். இந்த ஆய்வகத்தின் ஒரே வெற்றி அதுதான். அதன் மேல்தான் என் ஆய்வேடு நிற்கிறது. அவர் வேலையும் அதன் மேல்தான்.

சீனியர் என் கணவர். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அவருக்கு நான் ஜூனியர். வீட்டில், கடையில், அவருடைய அம்மா முன்னால், எங்கேயும்.

பிப்ரவரி 11, புதன்

அலமாரியில் மேலே மஞ்சள் சட்டை. அதற்குக் கீழே இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

விருந்தாளிகள். அத்தை வழக்கம்போல அவர்களைக் கூடத்துச் சுவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சீனியரின் கட்டுரையின் முதல் பக்கம், கண்ணாடிச் சட்டத்துக்குள். நடுவில் பதினேழின் படம்.

"இது என்ன, தேன்கூட்டை ஒடைச்சு வச்ச மாதிரி?"

"மருந்து. எம் புள்ள கண்டுபிடிச்சது. மருமகளும் அதையேதான் பண்ணிக்கிட்டிருக்கா."

"கடைக்கு வந்துடுச்சா?"

"வரும் வரும். அதுக்கெல்லாம் நாளாகும்."

சீனியர் செல்போனுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். எனக்குத் தெரிந்ததை அவருக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

படத்தில் இரண்டு வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐந்து மூலை ஒன்று, ஆறு மூலை ஒன்று. மூலைகளில் எல்லாம் கார்பனே இருந்தால் அது சாதாரண வளையம். ஏதாவது ஒரு மூலையில் நைட்ரஜனோ கந்தகமோ வந்து உட்கார்ந்தால் பல்லின வளையம். மருந்து செய்கிறவர்களுக்கு அவைதான் செங்கல். மருந்துக் கடை அலமாரியில் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் ஒன்று அகப்படும்.

ஆறு மூலை வளையத்தில் நைட்ரஜனை எந்த மூலையில் வைப்பது என்று முன்கூட்டியே தெரியாது. ஒவ்வொரு மூலையாக வைத்துச் செய்து பார்க்க வேண்டும். நைட்ரஜனை நடக்க விடுவது என்போம். சீனியர் நடக்க விட்டார். இரண்டு வளையங்களும் ஒட்டும் இடத்துக்குப் பக்கத்து மூலையில் வைத்தபோது நொதி அடங்கியது. அடுத்த மூலை: இல்லை. எதிர் மூலை: இல்லை.

அந்த மூன்று படங்களைப் பார்த்துத்தான் நான் இந்த ஆய்வகத்துக்கு வந்தேன். ஒரே ஒரு அணு ஒரு மூலை தள்ளி உட்கார்ந்தால் வேலை போய்விடுகிறது என்றால், நொதிக்குள் அந்த அணுவுக்கென்று ஒரு இடம் இருக்கிறது. அப்படித்தான் எல்லோரும் புரிந்துகொண்டோம். சீனியர் ஆய்வை முடித்து விடைபெறும் முன் கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசிய அன்று நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசியவர் முகம் அப்புறம்தான் மனதில் பதிந்தது. முதலில் பதிந்தது அந்த மூலை.

பிப்ரவரி 18, புதன்

எங்கள் விளையாட்டு. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டைக் கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பார். அன்று நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுவார்.

"பிரிடின். அதுக்கு மேல எத்தில் அசிடேட். மத்தியானம் யாரோ கந்தக பாட்டிலைத் திறந்திருக்காங்க. நீயில்ல, பக்கத்து மேஜை."

தப்பியதே கிடையாது.

அத்தைக்குத் தாங்கவில்லை. "அழுகின மீன் மாதிரி நாறுது, அதைப் போய் மோந்துக்கிட்டு நிக்கிறான். புருஷன் பொண்டாட்டி கொஞ்சிக்கிற லட்சணமா இது?"

பதினேழு வரவில்லை என்றேன். "கை பழகணும் ஜூனியர். அது கொஞ்சம் அடம் புடிக்கும்" என்றார். சட்டைக் கையை இன்னும் விடவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

இதுவரை செய்ததிலேயே சுத்தமானது இதுதான். உப்பு போல வெள்ளை. சீனியரின் பழைய பாட்டிலில் இருப்பது கொஞ்சம் பழுப்பு.

மஞ்சள்.

தட்டுக்காரி: "அவரோட பழைய பாட்டில்ல இருக்கறதப் போட்டா இப்பவும் வெள்ளை. உன்னோடது மஞ்சள். ரெண்டும் ஒரே பொருள்னு சத்தியம் பண்ணுவியா?"

"பண்ணுவேன்."

"அப்போ ஒண்ணு என் கண்ணு பொய் சொல்லுது, இல்ல உங்க வீட்ல ஒரு ஆளு பொய் சொல்லுது."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். சொன்ன பிறகு இரண்டு பேரும் வேறு எதையோ பேசினோம்.

மேடம் கூப்பிட்டு உட்கார வைத்தார். என் நெறியாளர். சீனியருக்கும் நெறியாளர் இவர்தான். "இன்னும் கொஞ்ச நாள்ல நீ எழுத உட்காரணும்மா. முதல் அத்தியாயமே ஆடினா மீதியெல்லாம் எது மேல நிக்கும்?"

சுத்தமாக ஆக ஆகச் செத்துப்போகிறது. ஏன்?

மார்ச் 4, புதன்

பொருள் இன்னதென்று காட்டும் கருவியின் வரைபடங்கள் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அவருடைய பதினேழு, என்னுடைய பதினேழு. ஒவ்வொரு முகடும் பொருந்துகிறது. ஆனால் அவருடைய முகடுகள் கொஞ்சம் பருமன். கருவி அன்றைக்குச் சரியில்லை என்று இத்தனை வருடம் எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

கடைசிப் படி மட்டும்தான் வேறு. அவர் துத்தநாகத் தூள் போட்டுச் செய்தார். நான் ஹைட்ரஜன் வாயு விட்டுச் செய்கிறேன். சுத்தமான வழி. மேடமே பாராட்டிய வழி.

துத்தநாகம்.

இன்று இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

மார்ச் 5, வியாழன்

பேருந்தில் வரும்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து வளைத்துப் பார்த்தேன். நண்டுக் கொடுக்கு. பக்கத்து மூலையில் நைட்ரஜன் இருந்தால், ஒட்டியிருக்கும் ஐந்து மூலை வளையத்தில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜனும் அதுவும் ஒரே பக்கம் பார்க்கும். நடுவில் ஓர் உலோக அணு அகப்பட்டால் இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும், விடாது. ஒரு மூலை தள்ளி வைத்தால் கொடுக்கும் இல்லை, பிடியும் இல்லை.

நொதிக்குள் ஓர் இடம் என்று நினைத்தோமே. அப்படி ஒரு இடமே இல்லையா?

பக்கத்து இருக்கைப் பெரியவர் என் விரல்களைப் பார்த்து, "யாரைக் கிள்ளப் போறம்மா?" என்றார்.

மார்ச் 9, திங்கள்

மூன்று வரிசை போடச் சொன்னேன். ஒன்றில் வெறும் துத்தநாக உப்பு, மருந்தே கிடையாது. இரண்டாவதில் சீனியரின் பழைய பதினேழு. மூன்றாவதில் அதே பழைய பதினேழு, கூடவே இடிடிஏ. அது உலோகத்தைப் பிடுங்கிக்கொள்ளும், நொதியை ஒன்றும் செய்யாது.

வெறும் துத்தநாகம்: வெள்ளை.

பழைய பதினேழு: வெள்ளை.

உலோகத்தைப் பிடுங்கிய பிறகு: மஞ்சள்.

தட்டுக்காரி வாயாடி. இன்று தட்டை மூடி வைத்துவிட்டுக் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டே இருந்தாள்.

"வேணும்னா இன்னொரு தடவை போடறேன். என் கை தவறியிருக்கலாம்."

"தவறியிருக்கா?"

"இல்லடி."

துத்தநாகம்னா வெறும் ஜிங்க். குழந்தைக்கு வயிறு சரியில்லைன்னா கொடுப்பாங்களே, அந்த ஜிங்க். ஒரு கொடுக்கு அதைத் தூக்கிட்டு வந்து நொதி மேல கொட்டியிருக்கு, அவ்வளவுதான். இதுக்குத்தான் எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன், முதல் வரிசைல உட்கார்ந்து.

அவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். உலோகம் போக ஒரு தடவை கழுவாமல் விட்டார். யாரும் கழுவச் சொல்லவில்லை, குழி வெள்ளையாக இருந்ததால்.

மார்ச் 10, செவ்வாய்

சட்டைக் கையை முகர்ந்தார். "வெறும் எத்தனால். இன்னைக்கு நீ ஒண்ணுமே பண்ணல."

சரியாகத்தான் சொன்னார்.

மார்ச் 13, வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பழைய வழியிலயே பண்ணிடேன்மா. கட்டுரையில இருக்கறது அதுதானே? யார் கேக்கப் போறா?"

"நொதியை அடக்கறது ஜிங்க், மேடம். பதினேழு இல்ல."

"அது உன் அபிப்பிராயம்."

"தட்டுல தெரியுது, மேடம்."

"தட்டு ஒரு நாள் பேசும். கட்டுரை ஆறு வருஷமா பேசிக்கிட்டிருக்கு." அப்புறம் குரல் இறங்கியது. "அவன் எனக்குப் பிள்ளை மாதிரி. உனக்குப் புருஷன். அவசரப்படாம இருப்போமே."

தூள் அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. ஒரு கரண்டி போதும். பதினேழு வரும். ஆய்வேடு முடியும். வீடு இப்படியே இருக்கும். கட்டுரையில் அச்சானபடி செய்தேன் என்றால் அது பொய்கூட இல்லை.

வரிசை போட்டு நிதானமாக எழுதியிருக்கிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

சாப்பாட்டு மேஜையில் சீனியர் ஒரே உற்சாகம். அவர் வேலை பார்க்கும் மருந்து நிறுவனத்தில் தனிக் குழு கொடுத்துவிட்டார்கள். பதினேழின் சொந்தபந்தங்களாக நாற்பது சேர்மங்கள் செய்யப் போகிறார்களாம். தண்ணீர் தொட்டு மேஜையில் வரைந்து காட்டினார்.

"வால்ல, தலையில என்ன வேணா மாத்திக்கோங்க, பக்கத்து மூலை நைட்ரஜனை மட்டும் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன், ஜூனியர். அதுதான் உயிர்."

"சாப்பிடும்போதாவது அந்த நைட்ரஜனைக் கீழ வைடா" என்றார் அத்தை.

நாற்பது கொடுக்குகள். அவற்றைச் செய்யப் போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியாது. ஆனால் என்ன ஆகும் என்று தெரியும். சில வெள்ளை, சில மஞ்சள். வெள்ளை ஏன் வெள்ளை என்று வருடக்கணக்கில் யோசிப்பார்கள். மஞ்சள் வந்தவர்களிடம் கை பழகணும் என்று யாராவது சொல்வார்கள்.

வரைந்தது காய்வதற்குள் தட்டை எடுப்பதுபோலத் துடைத்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நான் பாத்திரம் கழுவ, அவர் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சீனியர், பதினேழு..."

"வந்துடுச்சா?"

"வராது."

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு தேர்வாளர் மாதிரி ஆரம்பித்தார்.

"இடிடிஏ அதிகமா போட்டிருப்பீங்க."

"பாதியும் போட்டுப் பார்த்தோம்."

"நொதி பழசா இருக்கும்."

"போன வாரம் வந்தது."

"அப்போ உன் கை. ஆரம்பத்துலேர்ந்தே உனக்குக் கை சுத்தம் பத்தாது."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அது எப்படியோ வந்துவிட்டது. என் கை சுத்தமாக இருந்ததுதானே இத்தனைக்கும் காரணம்.

தட்டை அடுக்கினார். திரும்பி நின்று கேட்டார். "யார் யாருக்குத் தெரியும்?"

உண்மையா என்று கேட்கவில்லை. உண்மை என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மார்ச் 29, ஞாயிறு

ஆய்வகத்துக்கு வந்தார். யாரும் இல்லாத நாளாகப் பார்த்து. என் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டார், முழங்கைக்குக் கீழே எட்டவில்லை.

பழைய வழி. துத்தநாகத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக, குடுவை சூடாகாமல். அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கிறது. குடுவையைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டே எப்போது நிறுத்துவது என்று தெரியும் அவருக்கு. இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

வந்ததை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியை அப்படியே வைத்தார். மறு பாதியை இடிடிஏ நீரில் கழுவினார், மறுபடி கழுவினார், மறுபடியும். இரண்டு குப்பிகள். அ, ஆ. எது எது என்று எனக்கும் சொல்லவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

அ வெள்ளை. ஆ மஞ்சள்.

தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஆ தான் கழுவினது" என்றார்.

"தெரியும்ண்ணா" என்றாள் தட்டுக்காரி. அவள் அவரை அண்ணா என்று கூப்பிட்டு இன்றுதான் கேட்கிறேன்.

"தேங்க்ஸ்மா" என்றார். மேலே வந்து, தான் பயன்படுத்திய குடுவையைக் கழுவி, என் மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

பேருந்தில் ஒன்றே ஒன்று சொன்னார். ஜன்னலைப் பார்த்து. "ஒரு தடவை கழுவியிருந்தா போதும்."

ஏப்ரல் 1, புதன்

சட்டைக் கையைக் கேட்கவில்லை. நானாக நீட்டவும் இல்லை.

ஏப்ரல் 8, புதன்

எல்லாவற்றையும் அவரே செய்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதினார். நிறுவனத்தில் மேலதிகாரியிடம் போய் நேரில் சொன்னார். மேடம் கையெழுத்துப் போட யோசித்தார். "போடுங்க மேடம், எனக்காக" என்றாராம். மேடம் என்னிடம் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. என் மேல் கோபப்படவும் அவருக்கு ஒரு வழி இல்லாமல் போய்விட்டது. கத்தியிருக்கலாம். நானும் கத்தியிருப்பேன். கத்திக்கொண்டிருந்தால் என்ன?

ஏப்ரல் 27, திங்கள்

குழுவைக் கலைத்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. அவரைக் கொள்முதல் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். மற்ற வேதியியலாளர்களுக்கு எந்தெந்த வளையம் வேண்டும் என்று கேட்டு, விலைப்பட்டியலைப் பார்த்து வரவழைத்துக் கொடுக்கும் வேலை. வளையங்கள் சின்னச் சின்ன பாட்டில்களில் வருமாம். மூடியின் முத்திரையைக்கூடப் பிரிக்காமல் கைமாற்றிவிடுவாராம்.

இதழில் திரும்பப் பெற்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ ஒரு பேராசிரியர் அவருக்கு எழுதியிருக்கிறார். நன்றி, நாங்களும் பதினேழைச் செய்து செய்து தோற்றோம், எங்கள் மாணவி ஒருத்தி தன் கைதான் சரியில்லை என்று ஆய்வையே விட்டுப் போய்விட்டாள்.

அதை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டுக் குளிக்கப் போனார். ரொம்ப நேரம் தண்ணீர்ச் சத்தம்.

மே 19, செவ்வாய்

ஒன்றுமில்லை.

ஜூன் 14, ஞாயிறு

அத்தை சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரில் யாருமே அத்தையிடம் எதையும் சொல்லவில்லை. சீனியர் சொல்வார் என்று நான் இருந்தேன், அவர் நான் சொல்வேன் என்று இருந்திருக்கலாம்.

"ஏண்டா, அந்த மருந்து என்னதான் ஆச்சு? கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல முடியல."

"வரும்மா" என்றார் சீனியர்.

அத்தை எச்சில் தொட்டு ஒரு மூலையைத் தேய்த்தார். எந்த மூலை என்று நான் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன்.

ஜூலை 6, திங்கள்

எழுதிக்கொண்டிருக்கிறேன். துத்தநாகம்தான் இப்போது முதல் அத்தியாயம். மேடத்தின் யோசனை. "இதுதாம்மா உன் ஆய்வேடே. மத்ததெல்லாம் பின்னிணைப்பு."

மற்றதெல்லாம் என்றால் நான்கு வருடம்.

மேற்கோள் பகுதியில் சீனியரின் பெயரைத் தட்டச்சு செய்தேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "திரும்பப் பெறப்பட்டது" என்று போட வேண்டும். விதி. போட்டேன். அழித்தேன். போட்டேன்.

தட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உன் புருஷன் பேரை நீ எழுதி இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள். அவளும் சிரிக்கவில்லை.

நவம்பர் 12, வியாழன்

வாய்மொழித் தேர்வு.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதல் அத்தியாயத்தைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. "இந்த ஒரு அத்தியாயத்துக்கே பட்டம் கொடுக்கலாம்" என்றார். "பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்கதான் வாயைத் திறந்தீங்க."

திருத்த வேண்டும் என்று வாய் எடுத்தேன். வாயைத் திறந்தது வேறு ஒருவர். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அரை நாள் விடுப்பில். அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். அவரும்.

நவம்பர் 20, வெள்ளி

மேஜையைக் காலி செய்தேன். அடுத்து வரப் போகிற மாணவிக்காக. அலமாரியைத் துடைக்கும்போது பிரிடின் பாட்டில் சாய்ந்து முழங்கை வரை நனைத்துவிட்டது. தண்ணீரில் அலசினேன். போகவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

சீனியர் கூடத்தில் விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏனோ கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் பெயர். பள்ளியில் வருகைப் பதிவுக்கு வாசிப்பார்களே, அப்படி, எழுத்து எதுவும் விட்டுப்போகாமல். அவர் வாயால் இப்போதுதான் கேட்கிறேன். யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"ஏதோ நாத்தம் வருதே. துணி மாத்திட்டு வாயேன்."

"பிரிடின்" என்றேன்.

"ஓ" என்றார். பக்கத்தைத் திருப்பினார்.

சட்டையைத் தனியாக ஊறவைத்திருக்கிறேன்.